பழைய மினி கார்ல ஹீட்டர் ஒழுகுதா? டேஷ்போர்டுக்கு அடியில கை வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

காலையில கதவைத் திறந்தா உள்ள ஒரு மாதிரி தித்திப்பா வாடை, முன் கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி மங்கல், துடைச்சா இன்னும் ஈஷிக்குது, கீழ மேட்டைத் தூக்கினா சதசதன்னு ஈரம். இந்த மூணும் சேர்ந்து வந்தா ஹீட்டர் ஒழுக ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். உடனே எல்லாரும் சொல்ற ஒரே வார்த்தை "மேட்ரிக்ஸ் போச்சு", அதாவது ஹீட்டருக்குள்ள இருக்க குட்டி ரேடியேட்டர் போச்சுன்னு. முதல் தடவை நானும் அதைத்தான் சொன்னேன். ஒரு முழு நாள் தலைகீழா படுத்துக் கிடந்து ஹீட்டர் பெட்டியையே வெளிய எடுத்து, புது மேட்ரிக்ஸ் போட்டு, எல்லாத்தையும் மூடி, மறுநாள் பார்த்தா அதே ஈரம் அதே இடத்துல. ஒழுகினது மேட்ரிக்ஸே இல்ல. எஞ்சினையும் வண்டி உள்பக்கத்தையும் பிரிக்கிற தகட்டைத் தாண்டி ஹோஸ் உள்ள வர்ற ஓட்டையில இருக்க ரப்பர் வளையம் எப்பவோ விழுந்துடுச்சு, தகட்டு விளிம்பு ஹோஸை ராவி ராவி ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. ரெண்டு அடி ஹோஸ் போட்டிருந்தா முடிஞ்சிருக்க வேண்டிய வேலை.

அதனால இதுல பாதிக்கு மேல எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்கிறதைப் பத்தித்தான் சொல்லப் போறேன். கழட்டி மாட்டுறது அப்புறம்.

நான் பேசுறது 1959 ஆகஸ்ட்ல வந்து 2000 அக்டோபர் வரைக்கும் விடாம தயாரான அந்த பழைய குட்டி மினி, அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கால திருப்பி வச்சு, கியர்பாக்ஸை அதுக்கு அடியிலயே தள்ளி, பத்து அடி நீளத்துக்குள்ள நாலு பேரை உக்கார வச்ச வண்டி. நாப்பது வருஷத்துல ஹீட்டர் பலவிதமா மாறியிருக்கு, ஆரம்பத்துல தகரப் பெட்டி, பின்னாடி பிளாஸ்டிக் பெட்டி, அதனால உங்க வண்டியில ஒரு ஸ்க்ரூ அங்க இங்க இருக்கலாம். ஆனா தண்ணி ஓடுற வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான், அது மனசுல பதிஞ்சிட்டா மீதி எல்லாம் சுலபம்.

சிலிண்டர் ஹெட்ல, கிளட்ச் இருக்க முனையில, ஒரு வால்வு உக்காந்திருக்கும். சூடான தண்ணி அது வழியா கிளம்பி ஒரு ஹோஸ்ல புகுந்து, தகட்டைத் தாண்டி வண்டிக்குள்ள வரும். டேஷ்போர்டுக்கு அடியில நட்டநடுவுல தொங்குதே ஒரு பெட்டி, அதுக்குள்ள ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கு, அதுதான் மேட்ரிக்ஸ், சில பேர் ஹீட்டர் கோர்னு சொல்லுவாங்க. அதுல சுத்திட்டு இன்னொரு ஹோஸ் வழியா வெளிய போயி எஞ்சின் ஓரமா ஓடுற ஒரு பைப்ல சேர்ந்து, ரேடியேட்டரோட கீழ் ஹோஸ்ல ஒரு குட்டிக் கிளை இருக்கும் பாருங்க, அதுல போயி விழும். அங்கேர்ந்து வாட்டர் பம்ப் உறிஞ்சிக்கும். அவ்வளவுதான்.

இப்ப ஒரு விஷயத்தைக் கவனிங்க, இதைப் புரிஞ்சிக்காம நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஒழுகுதுன்னு தெரிஞ்சதும் "சரி, ஹீட்டர் வால்வை மூடிட்டு ஓட்டுவோம், லீவு நாள்ல பாத்துக்கலாம்"னு விட்டுடுவாங்க. வால்வு மூடுறது போற வழியை மட்டும்தான். திரும்பி வர்ற வழி கீழ் ஹோஸோட நேரா திறந்துதான் கெடக்கு, அதுல எந்த அடைப்பும் கிடையாது. எஞ்சின் சூடாகி ரேடியேட்டர் மூடியில அழுத்தம் ஏறினா அந்த அழுத்தம் பின்வாசல் வழியா மேட்ரிக்ஸுக்கும் வந்து சேரும். வால்வை மூடினதுனால ஒழுகல் கொறையலாம், நிக்காது. நீங்க நின்னுடுச்சுன்னு நினைச்சிட்டு இருக்க, அது மேட்டுக்கு அடியில தகட்டைத் தின்னுட்டு இருக்கும்.

இடைக்கால வழி வேணும்னா பைபாஸ் பண்ணுங்க. வண்டிக்குள்ள போற ரெண்டு ஹோஸையும் எஞ்சின் பக்கத்துலயே கழட்டிட்டு, வால்வோட வாய்க்கும் திரும்புற பைப்புக்கும் நடுவுல நேரா ஒரே ஹோஸ் துண்டைப் போட்டு ரெண்டு பக்கமும் க்ளிப் முடுக்கிடுங்க. அரை இன்ச் உள்விட்டம் உள்ள ஹீட்டர் ஹோஸ், 13 மில்லிமீட்டர்னு கேட்டாலும் அதான். வளைவு மடங்காம பெருசா விடணும், எக்ஸாஸ்ட் மேல படக் கூடாது. ஹீட்டர் இல்லாம எத்தனை நாள் வேணாலும் ஓட்டலாம், குளிரும் அவ்வளவுதான். ஹெட்டுக்கும் வாட்டர் பம்புக்கும் நடுவுல ஒரு கட்டை விரல் நீளத்துக்கு பைபாஸ் ஹோஸ் ஒண்ணு இருக்கும், அதை மாத்துறது பெரிய தொல்லைங்கறதால சில வண்டியில முன்னாடி வச்சிருந்தவங்க அதை அடைச்சே விட்டிருப்பாங்க. உங்க வண்டி அப்படின்னா ஹீட்டர் வால்வு எப்பவும் திறந்தே இருக்கட்டும், இல்லன்னா தெர்மோஸ்டாட் (சூடு ஏறினா திறக்குற வால்வு) திறக்குற வரைக்கும் ஹெட்டுக்குள்ள தண்ணி சுத்த வழியே இருக்காது.

சரி, கண்டுபிடிக்கிறதுக்கு வருவோம். முதல்ல அது கூலன்ட்டா (எஞ்சினைக் குளிர வைக்க உள்ள சுத்துற கலவைத் தண்ணி) மழைத்தண்ணியான்னு தெரியணும். சிரிக்காதீங்க, மினியில மழைத்தண்ணி உள்ள வர்ற வழி ஹீட்டர் ஒழுகுற வழியை விட அதிகம். கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், முன்பக்கத் தகடுகள் சேர்ற மடிப்பு, எல்லாத்துலயும் வரும். (டிஸ்ட்ரிபியூட்டரையே கிரில்லுக்கு நேரா வச்சு, மழை பெஞ்சா எஞ்சின் இருமுற மாதிரி செஞ்ச வண்டி இது, தண்ணியோட இதுக்கு என்னைக்குமே ராசி இல்ல.) ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஈரத்துல அழுத்தி எடுங்க. பச்சையோ நீலமோ ஒரு சாயல், விரல்ல தேய்ச்சா வழவழன்னு, மோந்தா தித்திப்பு, அது கூலன்ட். நிறம் இல்லாம, தேய்ச்சதும் சட்டுன்னு காய்ஞ்சா மழைத்தண்ணி. நாக்குல மட்டும் வச்சுப் பாக்காதீங்க, கூலன்ட்ல இருக்க எத்திலீன் கிளைக்கால் விஷம், நாயும் பூனையும் அதை நக்கி செத்துப் போகுது. வடிச்சு எடுக்கறதையும் திறந்த பாத்திரத்துல வச்சிட்டு சாப்பிடப் போயிடாதீங்க.

கூலன்ட்தான்னு தெரிஞ்சதும் மேட், அதுக்கு அடியில இருக்க ஃபெல்ட் எல்லாத்தையும் எடுத்துட்டு தரையை நல்லா துடைச்சுக் காய விடுங்க. ஈரம் இருக்க இடத்துலதான் ஒழுகுதுன்னு நம்பாதீங்க, ஃபெல்ட் ஊறி ஊறி தண்ணியை எங்கேயோ கொண்டு போயி விட்டிருக்கும். வெறும் தகட்டுல, ஹீட்டருக்கு அடியில பூரா நியூஸ் பேப்பர் விரிங்க. அப்புறம் டிஷ்யூவை சின்னச் சின்னத் துண்டாக் கிழிச்சு ஒவ்வொரு ஹோஸ் சேர்ற இடத்துலயும், க்ளிப்புக்குக் கீழயும், பெட்டியோட அடி மூலையிலயும் சுத்தி விடுங்க. தகட்டு ஓட்டைக்கிட்ட ஹோஸ்லயும் ஒண்ணு, அதை மறந்துடாதீங்க, எனக்கு நடந்தது தெரியும்ல. எஞ்சின் பக்கம் வால்வுக்குக் கீழயும் ஒண்ணு.

ஒழுகல்ல ரெண்டு ரகம் உண்டு. சூடானா மட்டும் ஒழுகுறது ஒண்ணு, ஏன்னா எஞ்சின் ஆறி இருக்கும்போது உள்ள அழுத்தமே கிடையாது. பழைய மினிக்கு ரேடியேட்டர் மூடி 7 பி.எஸ்.ஐ (அழுத்தத்தோட அளவு), பின்னாடி வந்ததுக்கு 13 பி.எஸ்.ஐ, அந்த அளவுக்கு ஏறினாதான் ஊசி ஓட்டை வாயைத் திறக்கும். இன்னொண்ணு நேர் எதிர், ஆறின பிறகு சொட்டுறது. ரப்பர் காஞ்சு இறுகிப்போன இடமும் லூசான க்ளிப்பும் இப்படித்தான், சூட்டுல விரிஞ்சு அடைச்சிக்கும், ராத்திரி சுருங்கினதும் சொட்டும். உங்களுது காலையில மட்டும் ஈரமா இருந்தா மேட்ரிக்ஸ் மேல பழி போடுறதுக்கு முன்னாடி க்ளிப்பைத் தொட்டுப் பாருங்க.

பிரஷர் டெஸ்டர் யார்கிட்டயாவது இரவல் கிடைச்சா அதை விட நல்லது எதுவும் இல்ல. எஞ்சின் ஆறினப்பவே ரேடியேட்டர் வாயில மாட்டி, மூடியில எழுதியிருக்க அளவு வரைக்கும் மட்டும் பம்ப் அடிச்சு, பத்து நிமிஷம் விட்டுட்டு டிஷ்யூ எல்லாத்தையும் ஒரு சுத்து பாருங்க. எழுதினதை விடத் தாண்டி அடிக்காதீங்க, நல்லா இருக்க மேட்ரிக்ஸையும் நீங்களே ஓட்டை போட்ட கதை ஆயிடும். அப்படியே மூடியையும் பாருங்க. 7 போட வேண்டிய வண்டிக்கு எவனோ கிடைச்சுதுன்னு 15 போட்டு வச்சிருப்பான், அம்பது அறுபது வருஷத்து ஈயப்பத்து அதைத் தாங்காது.

நான் பார்த்த வரைக்கும் ஒழுகல் வர்ற இடங்களைச் சொல்றேன், சுலபமானதுல இருந்து.

க்ளிப். சிரிப்பா இருக்கும், ஆனா பத்துல ரெண்டு மூணு இதுதான். அதுக்காக வெறியோட முடுக்காதீங்க, பழைய மேட்ரிக்ஸோட வாய் மெல்லிசு பித்தளை, அமுக்கினா முட்டை வடிவத்துக்குப் போயிடும், அப்புறம் எத்தனை க்ளிப் போட்டாலும் ஒரு ஓரம் கசிஞ்சிட்டே இருக்கும். ஹோஸ் லேசா பிதுங்கின உடனே நிறுத்துங்க.

ஹோஸ். வெளியில பளபளன்னு இருந்தாலும் வளைச்சுப் பாருங்க, வளைவுல வெடிப்பு தெரிஞ்சா முடிஞ்சுது. ஒண்ணு போயிருந்தா ரெண்டையும் மாத்துங்க, ரெண்டுக்கும் ஒரே வயசு. தகட்டு ஓட்டைக்குப் புது ரப்பர் வளையம் கண்டிப்பா போடணும். முக்கியமானது, பழைய ஹோஸைப் பிடிச்சு இழுக்காதீங்க, முறுக்காதீங்க. வருஷக்கணக்கா உக்காந்து ஒட்டியே போயிருக்கும், நீங்க முறுக்கினா திரும்புறது ஹோஸ் இல்ல, மேட்ரிக்ஸோட வாய். ஒரு கூரான பிளேடால வாயோட நீளவாக்குல லேசா ஒரு கீறல், அப்புறம் இன்னொண்ணு, கடைசி நூல் வரைக்கும் ஆழமா வெட்டாம, மீதியை விரலால பிரிச்சா வாழைப்பழத் தோல் மாதிரி உரிஞ்சு வரும். பிளேடு பித்தளையில கோடு போட்டா அந்தக் கோட்டு வழியாவே நாளைக்கு ஒழுகும், அதனால அவசரம் வேண்டாம். உரிச்ச பிறகு வாய் மேல வெள்ளையா பச்சையா காஞ்சு படிஞ்சிருக்கும், 400 நம்பர் எமரி பேப்பரை ஒரு பட்டையா வெட்டி, ஷூ பாலிஷ் போடுற மாதிரி சுத்தி இழுத்தா வழவழன்னு வந்துடும். புது ஹோஸ் ஏறலன்னா எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவாதீங்க, ரப்பரைத் தின்னுடும், கொஞ்சம் கூலன்ட்டையே தடவுங்க.

வால்வு. இது ஒழுகினா எஞ்சின் பின்பக்கமா கீழ இறங்கும், வண்டிக்குள்ள வராது, ஆனா சூடான எஞ்சின் மேல பட்டு ஆவியாகி வாடை உள்ள வந்துடும், அதனால ஆளை ஏமாத்தும். வால்வு தண்டு வழியா கசிஞ்சா புது வால்வு மாத்துறதுதான் வழி, ரிப்பேர் பண்ணலாம்னு உக்காந்தா நேரம்தான் போகும். ஹெட்டோட சேர்ற இடத்துல கசிஞ்சா கேஸ்கெட் மட்டும் போதும். ரெண்டு நட்டுதான், ஆனா அந்த ஸ்டட் ரெண்டும் துருவேறி ஹெட்டோட ஒண்ணாக் கலந்திருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் விட்டு ஊற வச்சுடுங்க, கழட்டும்போது கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம்னு ஆட்டி ஆட்டி எடுங்க. இந்த வண்டிக்கு இன்ச் சைஸ் ஸ்பேனர் வேணும், மெட்ரிக் ஸ்பேனர் உக்கார்ற மாதிரி உக்காந்துட்டு நட்டு மூலையை மழுக்கிடும். பழைய கேஸ்கெட்டைச் சுத்தமா சுரண்டி எடுத்துட்டுதான் புதுசு வைக்கணும். மாட்டின பிறகு வண்டிக்குள்ள இருக்க ஹீட்டர் நாபை இழுத்துத் தள்ளி, வால்வு முழுசா திறந்து முழுசா மூடுதான்னு ஒரு ஆளை பானெட் பக்கம் நிக்க வச்சுப் பாருங்க, கேபிளோட உறை நழுவினா வால்வு பாதியிலயே நின்னுடும்.

அடுத்தது ஓ-ரிங். பிந்தின மினிகள்ல மேட்ரிக்ஸோட பைப்புகள் தனியா வந்து ஸ்க்ரூவால பிடிச்சிருக்கும், நடுவுல ஆளுக்கொரு ரப்பர் ஓ-ரிங். உங்க வண்டியில அப்படி இருந்தா சந்தேகத்துல பாதியை இதுக்கே கொடுத்துடுங்க. பழசாயி தட்டையா சப்பிப்போயிருக்கும், வெளிய எடுத்தா வளையம் மாதிரி இல்லாம கட் பண்ணின டயர் துண்டு மாதிரி சதுரமா இருக்கும். ரெண்டையும் மாத்துங்க, உக்கார்ற பள்ளத்தை விரல் நகத்துல துணி சுத்தித் துடைங்க (ஸ்க்ரூ டிரைவரால சுரண்டக் கூடாது), ரிங்கை கூலன்ட்ல நனைச்சு வைங்க, ஸ்க்ரூவை ஒரே பக்கமா இழுக்காம மெதுவா முடுக்குங்க. சில பேர் ஓ-ரிங்குக்கு மேல சீலன்ட் பூசுவாங்க, வேண்டாம், அது நழுவி ரிங் பள்ளத்தை விட்டு வெளிய வந்துடும்.

இது எதுவும் இல்ல, பெட்டியோட அடி மூலையிலதான் டிஷ்யூ நனையுது, மேல ஹோஸ் வாய் எல்லாம் காய்ஞ்சிருக்குன்னா, சரி, மேட்ரிக்ஸ்தான். இப்பதான் பெட்டியை இறக்கணும்.

எஞ்சின் முழுசா ஆறியிருக்கணும், சூட்டுல ரேடியேட்டர் மூடியைத் திறந்தா மூஞ்சி வெந்துடும், விளையாட்டு இல்ல. பேட்டரி கனெக்‌ஷன் எடுங்க, அது டிக்கியில இருக்கும். தண்ணியை வடிங்க, ரொம்பப் பழைய ரேடியேட்டர்ல அடியில ஒரு குழாய் இருக்கும், இல்லன்னா கீழ் ஹோஸைக் கழட்டணும், அந்த க்ளிப் இருக்க இடுக்குக்கு ஆண்டவன்தான் கை அனுப்பணும். ஹீட்டரோட சேர்த்து மொத்தக் கொள்ளளவு சுமார் 3.6 லிட்டர், எவ்வளவு வந்துதுன்னு அளந்து வச்சுக்கோங்க, பின்னாடி ரொப்பும்போது இந்தக் கணக்கு வேணும்.

உள்ள வர்றப்ப முன் சீட்டு ஒண்ணைக் கழட்டி வெளிய வச்சுடுங்க. ரெண்டு நிமிஷ வேலைக்கு சோம்பேறித்தனப்பட்டு, நான் காலைப் பின் சீட்டு மேல போட்டு தலையைப் பெடலுக்கு நடுவுல வச்சு வேலை பார்த்தேன், மூணு நாள் கழுத்தைத் திருப்ப முடியல. ஹீட்டருக்கு அடியில பிளாஸ்டிக் ஷீட், அதுக்கு மேல பழைய துணி, அதுக்கு மேல ஒரு தட்டையான ட்ரே. தண்ணி வடிச்சாச்சேன்னு நினைப்பீங்க, மேட்ரிக்ஸுக்குள்ள ஒரு டம்ளர் நிக்கும், அது சரியா உங்க மேலதான் விழும். ஹோஸ் ரெண்டையும் எடுத்த உடனே மேட்ரிக்ஸ் வாயில ரெண்டு கார்க் இல்லன்னா துணி உருண்டை வச்சு அடைச்சிடுங்க. கண்ணாடிக்குக் காத்து போற ரெண்டு பெரிய குழாய்களும் கையால இழுத்தாலே வந்துடும், பழசு காகிதம் மாதிரி கிழியும், பாத்து. மோட்டார் ஒயரைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, கேபிள் எந்த ஓட்டையில போச்சுன்னும் எடுங்க.

பெட்டியைப் பிடிச்சிருக்கது முன்பக்கம் பார்சல் ஷெல்ஃபோட (டேஷ்போர்டுல சாமான் வைக்கிற தட்டு) ரெண்டு ஸ்க்ரூ, பின்பக்கம் ஒரு நட்டு. பின்பக்க நட்டை முழுசா கழட்ட வேண்டியதில்ல, லூஸ் பண்ணினாலே போதும், அந்தப் பட்டையில வெட்டு விட்டிருக்கும், பெட்டியை அதுல இருந்து தூக்கி எடுத்துடலாம். வாய் மேல்பக்கமா இருக்க மாதிரி பிடிச்சு வெளிய கொண்டு வாங்க.

பெட்டியை ரெண்டா பிரிச்சா மேட்ரிக்ஸ் நழுவி வரும். எடுத்து ஒரு வாயை அடைச்சு, இன்னொரு வாயில சைக்கிள் பம்பால லேசா காத்து கொடுத்து, பக்கெட் தண்ணியில முக்குங்க. கம்ப்ரஸரை நேரா வைக்காதீங்க, 10 பி.எஸ்.ஐ இருந்தாலே ஓட்டை தெரிஞ்சிடும். முதல்ல தகடுகளுக்கு நடுவுல மாட்டியிருக்க காத்து வரும், அது பொய்க் குமிழி, கொஞ்ச நேரம் ஆட்டிட்டு விடுங்க. அப்புறமும் ஒரே இடத்துல இருந்து கடுகு கடுகா வரிசையா ஏறுச்சுன்னா அதான் இடம். குமிழியே வரலையா? நல்ல சேதி, மேட்ரிக்ஸ் சரி, திரும்பப் போயி ஓ-ரிங்கையும் வாயையும் பாருங்க.

ஓட்டை வாய் சேர்ற இடத்துலயோ ஓரத் தொட்டியிலயோ இருந்து, மேட்ரிக்ஸ் செம்பு பித்தளையா இருந்தா ஈயம் வச்சுப் பத்த வச்சு அடைச்சுடலாம். பளபளன்னு உலோகம் தெரியற வரைக்கும் சுரண்டி, ஃப்ளக்ஸ் தடவி, சூட்டை வேலை இருக்க இடத்துல மட்டும் காட்டி ஈயத்தை ஓட விடணும். அதிகமா சூடு போச்சுன்னா பக்கத்துல இருக்க பழைய பத்து கழண்டு ஒரு ஓட்டைக்கு மூணு ஓட்டை ஆகும், கை பழகாதவங்க ரேடியேட்டர் வேலை செய்யறவங்ககிட்ட கொடுத்துடுங்க. ஓட்டை நடுவுல குழாய்கள்ல இருந்தா, தகடு எல்லாம் பவுடரா உதிருதுன்னா, விட்டுடுங்க, இன்னைக்கு ஒரு இடம் அடைச்சா அடுத்த மாசம் பக்கத்துல வரும். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மேட்ரிக்ஸ்னா ஈயம் ஒட்டவே ஒட்டாது, புதுசுதான்.

புதுசு வாங்கினாலும் போடறதுக்கு முன்னாடி அதே பக்கெட் டெஸ்ட் பண்ணுங்க. நான் ஒரு தடவை வாங்கினது டப்பாவுலயே ஒழுகல், நல்ல வேளையா மாட்டுறதுக்கு முன்னாடி முக்கிப் பார்த்தேன்.

இந்த இடத்துல யாராவது "ரேடியேட்டர்ல பவுடர் ஒண்ணு ஊத்தினா தானா அடைச்சிக்கும்"னு சொல்லுவாங்க. அடைக்கும். ஓட்டையையும் அடைக்கும், மேட்ரிக்ஸோட மெல்லிசு குழாய்களையும் அடைக்கும், ஏன்னா அதுவும் ரொம்ப ஒடுங்கின வழிதான். ஒழுகல் நின்னுடும், கூடவே ஹீட்டும் நின்னுடும். நடுவழியில மாட்டிக்கிட்டா வீடு வந்து சேர போடலாம், மத்தபடி நான் தொடறதில்ல.

பழைய மேட்ரிக்ஸையே திரும்பப் போடறதா இருந்தா, தண்ணி வழக்கமா போற திசைக்கு எதிரா குழாய்த் தண்ணியை மெதுவா விட்டு அலசுங்க, முதல்ல டீ டிகாக்ஷன் மாதிரி வரும், தெளியற வரைக்கும் விடுங்க. அப்புறம் மேட்ரிக்ஸைச் சுத்தி ஓரத்துல புதுசா ஃபோம் பட்டை ஒட்டுங்க. பழைய ஃபோம் தூளா போயிருக்கும், அது இல்லன்னா ஃபேன் அடிக்கிற காத்து மேட்ரிக்ஸ் வழியா போகாம சுத்திக்கிட்டு ஓரமா ஓடிடும். மினி ஹீட்டர் சூடே தராதுன்னு ஊரே திட்டுதே, அதுல பாதி இந்த ஃபோம்தான். பெட்டி கையில இருக்கும்போதே மோட்டாரை விரலால சுத்திப் பாருங்க, உரசுனா இப்பவே சரி பண்ணுங்க, இன்னொரு தடவை அந்த இடுக்குல படுக்க வேண்டாம்.

மாட்டுறது கழட்டினதோட தலைகீழ், ஒண்ணே ஒண்ணு, பெட்டியை இறுக்கறதுக்கு முன்னாடியே ஹோஸை மாட்டி க்ளிப் ஸ்க்ரூ கைக்கு எட்டுற பக்கமா திருப்பி வைங்க. பின்னாடி திரும்ப முடுக்க வேண்டியிருக்கும்.

இப்ப ரொப்புறது. இரும்பு பிளாக், இரும்பு ஹெட், ஈயப் பத்து எல்லாம் இருக்க எஞ்சின் இது, பழைய காலத்து நீலம் பச்சை வகை எத்திலீன் கிளைக்கால் கூலன்ட்தான் இதுக்குச் சரி, ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். ஆனா கலரை மட்டும் பார்த்து வாங்காதீங்க, லேபிளைப் படிங்க. டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்தா மைனஸ் 35 டிகிரி வரைக்கும் உறையாது. குளிரே இல்லாத இடமா இருந்தாலும் வெறும் தண்ணி ஊத்தாதீங்க, அதுல உள்ள எல்லாம் அரிச்சுப் போகும், மேட்ரிக்ஸும் சேர்த்துதான்.

எல்லாரும் தடுமாறுற இடம் ஏர்லாக். ஹீட்டர் இருக்கது உயரத்துல, காத்து அங்க போயி உக்காந்துக்கும், நீங்க 3 லிட்டர் ஊத்தினதும் ரேடியேட்டர் ரொம்பி வழியும், வடிச்சது 3.6 ஆச்சே, மீதி எங்கன்னு கேட்டா அந்த மீதி அளவுக்குக் காத்து உள்ள நிக்குதுன்னு அர்த்தம். ஹீட்டர் வால்வை முழுசா திறந்து வைங்க. திரும்புற ஹோஸ் கீழ் ஹோஸோட கிளையில சேர்ற இடத்துல அதைக் கழட்டி, அந்தக் கிளை வாயை ஒரு கார்க்கால இறுக்கி அடைங்க. கழட்டின ஹோஸோட ஒரு துண்டு ஹோஸைச் சேர்த்து நீட்டி, நுனி ரேடியேட்டர் வாய்க்குள்ளயே விழற மாதிரி பிடிங்க. ரேடியேட்டரை ரொப்பிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விடுங்க. முதல்ல ஒண்ணும் வராது, அப்புறம் இருமல் மாதிரி கொட கொடன்னு துப்பும், குமிழியும் தண்ணியும் மாறி மாறி வரும், ஒரு கட்டத்துல சத்தமே இல்லாம கயிறு மாதிரி ஒரே சீரா தண்ணி விழும். அந்த நிமிஷம் எஞ்சினை நிறுத்தி, கார்க்கை எடுத்து ஹோஸைச் சட்டுன்னு மாட்டி க்ளிப் போடுங்க. எஞ்சின் நல்லா சூடாகிற வரைக்கும் இழுத்தடிக்காதீங்க, கையில இருக்க ஹோஸ்ல வர்றது கொதிக்கிற தண்ணியா மாறிடும். கொஞ்சம் சிந்தும், பரவாயில்ல, சிந்தின அளவுக்குப் புதுசா மேல ஊத்தி மூடியைப் போடுங்க.

அப்புறம் கால் மணி நேரம் ஓட்டுங்க. ஹீட்டருக்குப் போற ஹோஸும் திரும்புற ஹோஸும் ரெண்டுமே தொட முடியாத சூடா இருக்கணும். ஒண்ணு சூடு, ஒண்ணு சில்லுனு இருந்தா இன்னும் காத்து நிக்குது, இல்லன்னா வால்வு திறக்கல. ராத்திரி பூரா ஆற விட்டு, காலையில தண்ணி அளவைப் பார்த்து ரொப்பி, க்ளிப் எல்லாத்தையும் அரைத் திருகல் முடுக்குங்க, புது ரப்பர் ஒரு சூடு வாங்கினதும் கொஞ்சம் இளகி அமுங்கியிருக்கும்.

மேட்டை மட்டும் உடனே போட்டுடாதீங்க. பழைய ஃபெல்ட் கூலன்ட்ல ஊறியிருந்தா தூக்கிப் போட்டுடுங்க, கிளைக்கால் லேசுல காயாது, எத்தனை வெயில்ல போட்டாலும் வாடை வரும், கண்ணாடியும் மங்கிட்டே இருக்கும். மேட்டை சோப்புத் தண்ணியில ரெண்டு மூணு தடவை அலசலாம். கண்ணாடி உள்பக்கத்தையும் சோப்புத் தண்ணியால கழுவித் துடைச்சுடுங்க, காஞ்ச துணியால தேய்ச்சா படலம் இடம் மாறுமே தவிர போகாது. தரைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவர் பிடியால தட்டிப் பாருங்க, டங்குன்னு கேட்டா சரி, தொப்புன்னு கேட்டா அங்க துரு வேலையைக் காட்டிடுச்சு, அது வேற வேலை. ஒரு வாரம் வெறும் தகட்டுல நியூஸ் பேப்பர் விரிச்சு ஓட்டுங்க, தினம் காலையில எடுத்து வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. ஏழாவது நாளும் பேப்பர் மொறுமொறுன்னு இருந்தா மேட்டைப் போட்டுக்கலாம்.